அவர் இறந்தது உங்கள் ஊசியால் அல்ல

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆறு வருஷ அனுபவம். போன மாதம் எங்கள் வார்டில் 61 வயது ஐயா ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கணையத்தில் புற்றுநோய் வந்து கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அப்பாவுக்குத் தெரியவே கூடாது, அல்சர் என்றே சொல்லுங்கள் என்று இரண்டு மகன்களும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நைட் டியூட்டியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பிழைப்பேனா சிஸ்டர்? உண்மையைச் சொல்லும்மா" என்று கேட்டார். "நல்லாயிடுவீங்க அப்பா" என்று சொல்லிவிட்டு, ட்ரிப்ஸைப் பார்ப்பதுபோல நகர்ந்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து யாராவது போன் பண்ணினார்களா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

விழுங்க முடியாமல் போனதும், வலிக்குக் கொடுத்துவந்த 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றினார்கள். சிறுநீர் குறைந்ததால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று டாக்டர் மாற்றி எழுதினார். கடைசி நாள் சாயங்காலத்திலிருந்தே கால் ஜில்லென்று ஆகி, மூச்சு விட்டு விட்டு வந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு வலியில் முனகினார். எழுதியிருந்தபடி 5 மில்லிகிராம் தோலுக்கடியில் போட்டேன். 2.10க்கு உயிர் போய்விட்டது. நான்தான் கொன்றுவிட்டேனோ என்று அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

மூச்சு நின்றபோது என்ன செய்வதென்றும் தெரியவில்லை. "அரெஸ்ட் ஆனா (இதயம் நின்றால்) பெருசா எதுவும் வேண்டாம்" என்று டியூட்டி டாக்டர் வாயால் சொன்னதோடு சரி, கேஸ் ஷீட்டில் ஒரு வரி இல்லை. மகன்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் கொஞ்ச நேரம் நெஞ்சை அழுத்தினேன். விலா எலும்பு முறிந்தது என் கைக்குத் தெரிந்தது.

போன வாரம் அவருடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து வார்டுக்கு போன் செய்தார். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதால் பதினோரு வருஷமாக வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லையாம். "அப்பா என்னைக் கேட்டாரா?" என்று அழுதார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்கு என்ன சொல்வது? ஓபிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். நான் செய்தது சரியா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஊசி. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் பாருங்கள். கால் ஜில்லிட்டது, சிறுநீர் குறைந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது. இதெல்லாம் ஊசிக்குப் பல மணி நேரம் முன்பே, சாயங்காலமே தொடங்கிவிட்டது. உடம்பு விடைபெறும் நேரத்தில் வரும் அடையாளங்கள் இவை. மார்ஃபின் அளவு கூடினால் உடம்பு காட்டும் அடையாளங்கள் வேறு, அவை வரும் வரிசையும் வேறு. முதலில் தூக்கம் ஆழமாகும். கூப்பிட்டால், தட்டினால் எழுப்ப முடியாது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். மூச்சு நிமிஷத்துக்கு எட்டு, ஆறு என்று மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். ஒன்றரை மணிக்கு உங்கள் நோயாளி வலியில் முனகிக்கொண்டிருந்தார். மருந்து மிஞ்சி மயங்கிக் கிடக்கிற உடம்பு இப்படி முனகாது, தங்கை.

அளவையும் பாருங்கள். வாய் வழியாக 10 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தோலுக்கடியில் 5 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய அதே அளவுதான், கூடுதல் அல்ல. பல நாளாக மார்ஃபின் எடுத்துப் பழகிய உடம்பு அது. சிறுநீரகம் ஓயும்போது மார்ஃபினின் மிச்சங்கள் உடம்பில் தங்கும் என்பது உண்மை. அந்த ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இடைவெளியை ஆறு மணி நேரமாக்கி டாக்டர் அந்தக் கவனத்தையும் எடுத்துக்கொண்டார். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கையில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வலிக்கு மருந்து போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு, ஏதோ ஒரு ஊசி கடைசி ஊசியாகத்தான் இருக்கும். அது அன்றைக்கு உங்கள் டியூட்டியில் வந்தது. பயந்துகொண்டு அதைப் போடாமல் இருந்திருந்தாலும் அவர் அன்று ராத்திரியோ மறுநாள் காலையோ போயிருப்பார். வலியோடு போயிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பயத்துக்கு நம் ஊரிலேயே ஒரு வேர் இருக்கிறது. விருதுநகர், மதுரை, தேனிப் பக்கம் தலைக்கூத்தல் என்றால் எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் கிடக்கும் வயசானவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைப்பது. அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சாகப்போகிறவருக்குப் போடுகிற எந்த ஊசியும் அப்படி ஒன்றோ என்று மனசு அடித்துக்கொள்ளும். "ஊசி போட்டு அனுப்பிடுங்க சிஸ்டர், பார்க்க முடியலை" என்று சில வீட்டார் நம்மிடமே கேட்பதும் உண்டு. அதற்கு முடியாது என்பதுதான் பதில், சட்டப்படியும் மனசாட்சிப்படியும். ஆனால் அவர்களைத் திட்டாதீர்கள். எதைப் பார்க்க முடியவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் தொண்டையில் வரும் அந்தக் களகளச் சத்தமாக இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டரைக் கேட்டு, சுரப்பைக் குறைக்கிற ஹயோசின் மருந்தைப் போட்டு, இந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டம், அவருக்கு மூச்சு முட்டவில்லை என்று விளக்கிச் சொன்னால், அனுப்பிடுங்க என்ற பேச்சு பல வீடுகளில் அதோடு நின்றுவிடும். உயிரை முடிப்பதற்காக மருந்து கொடுப்பதும், வலி அடங்குகிற அளவுக்கு அளந்து கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வேலையைத்தான் நீங்கள் செய்தீர்கள்.

சரி, இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். "நான் பிழைப்பேனா?"

இதில் உங்களைத் தேற்றுவதற்காக எதையும் மழுப்ப மாட்டேன். "நல்லாயிடுவீங்க" என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நம் வார்டுகளில் முக்கால்வாசி நர்ஸுகளின் வாயிலிருந்து தன்னால் வருகிற வார்த்தை அது. ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நம்பிவிட்டதால் கேட்காமல் இருக்கவில்லை. இங்கே யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள் என்று புரிந்துகொண்டார். உடம்பு இளைத்து, கண் மஞ்சளாகி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிற மனுஷனுக்கு அல்சர் என்று சொன்னால் தெரியாதா? பல பேருக்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்த விஷயத்தை யாரோடாவது பேச ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸின் கையைப் பிடிக்கிறார்கள்.

அப்படியானால் போட்டு உடைத்திருக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். நோயின் நிலையை முதன்முதலாகச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. ஸ்கேன், ரிப்போர்ட், அடுத்த வழி எல்லாம் தெரிந்தவர்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் பொய்க்கும் போட்டு உடைப்பதற்கும் நடுவில் நர்ஸுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு இதைப் பேசக் கூடாது. "ஏன் ஐயா இப்படிக் கேட்கிறீங்க? மனசுல என்ன ஓடுது?" என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் ரொம்ப நீளமாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "எனக்கு முடியப்போகுதுன்னு தோணுதும்மா." "பொண்ணைப் பார்க்கணும்." "வீட்டுப் பத்திரம் பெரியவன்கிட்ட இருக்கு, சின்னவனுக்குத் தெரியாது." இதற்கெல்லாம் நோயின் பெயரைச் சொல்லித்தான் பதில் கொடுக்க வேண்டும் என்று இல்லை. "இதை நான் மட்டும் சொல்ல முடியாதுங்கய்யா. காலையில டாக்டர் வரும்போது நேராக் கேளுங்க, நானும் பக்கத்துல நிற்கிறேன். இப்ப உங்களுக்கு எது ரொம்ப உறுத்துது?" இப்படிச் சொன்னால் நீங்கள் பொய்யும் சொல்லவில்லை, உங்கள் எல்லையையும் தாண்டவில்லை.

அதற்கப்புறம் செய்வதுதான் முக்கியம், கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். "அதிகாலை 2.00 மணி: நோயாளி தன் நோய் பற்றிக் கேட்டார். டாக்டரிடம் நேரடியாகப் பேச விரும்புவதாகச் சொன்னார்." இரண்டே வரி. காலையில் டியூட்டி கைமாறும் ஹேண்டோவரில் அதை வாய்விட்டுப் படியுங்கள். எழுதி வைத்த கேள்வியைக் காலை ரவுண்ட்ஸில் யாரும் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. எழுதாவிட்டால் அது உங்கள் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும், இப்போது கிடப்பதுபோல.

மகன்கள் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கலாம். அவர்கள் வில்லன்கள் அல்ல. சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்ற பயம்தான். அவர்களிடம் முதல் நாளே தன்மையாக ஒன்றைச் சொல்லிவிடலாம்: "நானாகப் போய் எதையும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அவரே கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது. டாக்டரைக் கூப்பிட்டு விடுவேன்." இதை ஒத்துக்கொள்ளாத வீட்டாரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுயநினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் விஷயத்தில் முடிவு அவருடையது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். பெற்ற தாயே கொடுத்த சம்மதமும் செல்லாது என்றது நீதிமன்றம். நோயாளியே "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பையனிடம் பேசிக்கோங்க" என்றால் அது வேறு, அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அதை அவர் வாயால் கேட்க வேண்டும். உங்கள் வார்டில் அந்த ஐயாவிடம் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது, நெஞ்சை அழுத்தியது. இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை. "பெரிதாக எதுவும் வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒருவர் தூங்கப் போய்விடுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு மகன்கள் முன்னால் நிற்க, முடிவெடுக்கிற பாரம் ஆறு வருஷ அனுபவமுள்ள ஒரு நர்ஸின் தலையில் வந்து விழுகிறது. அழுத்தினால் சாகிற மனுஷனுக்கு விலா எலும்பு முறிகிறது, அழுத்தாவிட்டால் "சும்மா நின்னாங்க" என்று நாளைக்குப் புகார் வரும். உடனே ஒப்புக்குக் கொஞ்சம் அழுத்துகிறோம். நம் மருத்துவமனைகளில் இது தினமும் நடக்கிறது. பலன் இருந்தால் முழுசாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் செய்யவே கூடாது. பாதியில் செய்வது குடும்பத்துக்குக் காட்டுகிற நாடகம், அதில் நடிக்க வைக்கப்படுவது நர்ஸ். முற்றிய புற்றுநோயில் உடம்பு முழுவதும் ஓய்ந்து நிற்கிற இதயத்தை அழுத்தி எழுப்பி, அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் பகலில் சொல்லி, எழுதி வைப்பதற்குத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

எழுதுவதற்கு வழி இருக்கிறது. இதயம் நின்றால் புத்துயிர் சிகிச்சை வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது, யாரிடம் பேசுவது, எந்தப் படிவத்தில் பதிவது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. டாக்டர்தான் முடிவெடுப்பார். நோயாளியிடம், அவரால் முடியாவிட்டால் குடும்பத்திடம், விளக்கிப் பேசிக் கையெழுத்தோடு பதிவார். அந்த முடிவு நெஞ்சை அழுத்துவது போன்ற புத்துயிர் சிகிச்சையைத் தவிர்ப்பதற்கு மட்டும்தான். வலி மருந்து, வாய் துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் தொடரும். இதையும் வீட்டாரிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். வென்டிலேட்டர் போன்ற சிகிச்சையை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழி வகுத்தது, 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிமையாக்கியது. சட்டம் எதிரே நிற்கிறது என்ற சாக்கு இனி எடுபடாது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். இப்படி ஒரு நோயாளி உங்கள் வார்டில் இருந்தால் ராத்திரிவரை விடாதீர்கள். சாயங்கால ரவுண்ட்ஸிலேயே, "சார், இவருக்கு அரெஸ்ட் ஆனா என்ன செய்யணும்? எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். போனில் சொன்னால், "திருப்பிச் சொல்றேன் சார்" என்று அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக்காட்டி, நேரமும் பெயரும் போட்டு எழுதி, காலையில் கையெழுத்து வாங்குங்கள். சிலருக்கு எரிச்சல் வரும். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் இன்சார்ஜ் சிஸ்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கும் வேலைக்கும் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டிய நிலை தனியார் மருத்துவமனை நர்ஸுக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் கேள்வியாகக் கேளுங்கள் என்கிறேன். நர்ஸ் கேட்கிற கேள்வியில் யாரும் குற்றம் காண முடியாது.

அந்த முடிவு முன்னாலேயே எழுதப்பட்டிருந்தால் அன்று ராத்திரி வேறு மாதிரி நடந்திருக்கும். மூச்சு விட்டு விட்டு வரும்போதே மகன்களை உள்ளே கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு, கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். பால் ஊற்ற ஆசைப்பட்டால், பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்ற விட்டிருக்கலாம். விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் புரையேறும், உதட்டை நனைத்தால் போதும் என்று சொன்னால் எந்த வீட்டாரும் கேட்டுக்கொள்வார்கள். வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்று நினைக்கிற குடும்பமாக இருந்தால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலியையும் வேதனையையும் குறைக்கிற நோய்த்தணிப்பு நர்ஸைப் பற்றி டிஸ்சார்ஜுக்கு முன்பே சொல்லி அனுப்பலாம். எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு வலி மாத்திரைகூட இல்லாமல் கூட்டிப்போகிறவர்கள்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்.

நர்ஸின் பேச்சுக்கு இதிலெல்லாம் மதிப்பு உண்டா என்று சந்தேகமாக இருந்தால் அருணா ஷான்பாகை நினைத்துக்கொள்ளுங்கள். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973-இல் அங்கேயே நடந்த கொடூரத் தாக்குதலுக்குப் பின் நினைவு திரும்பாமல் படுக்கையில் கிடந்தார். அதே மருத்துவமனையின் நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாக அவருக்குச் சோறு ஊட்டி, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். உணவை நிறுத்த அனுமதி கேட்டு வெளியாள் ஒருவர் வழக்குப் போட்டபோது, அருணாவுக்காகப் பேசும் உரிமை தினமும் அவரைக் கவனித்துக்கொள்ளும் இந்த ஊழியர்களுக்குத்தான் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் வேண்டாம் என்றார்கள், மனு தள்ளுபடியானது. 2015-இல் நிமோனியா வந்து அருணா இறந்தார். அந்த நர்ஸுகளின் முடிவு சரியா என்று இன்றைக்கும் வாதம் செய்யலாம். எனக்கே அதில் கேள்விகள் உண்டு. ஆனால் படுக்கையின் பக்கத்தில் நிற்கிறவரின் வார்த்தைக்கு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் கொடுத்த இடம் அது.

இனி அந்த மகள். அவருக்குத் திரும்பப் போன் செய்யுங்கள். முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், ரகசியமாகச் செய்ய வேண்டியதில்லை. நோய், சிகிச்சை, மகன்கள் சொன்னது, கேஸ் ஷீட்டில் இருப்பது எதையும் நீங்கள் சொல்லக் கூடாது. நோயாளி இறந்த பின்பும் அந்த விஷயங்களைக் காக்கும் கடமை நமக்கு உண்டு. ரிப்போர்ட் வேண்டுமென்றால் முறைப்படி மருத்துவமனையில் கேட்கட்டும். ஆனால் "கோயம்புத்தூரிலிருந்து யாராவது போன் பண்ணினார்களா" என்ற கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றியது. அதை அவரிடம் கொடுத்துவிடலாம். "உங்க பேரைச் சொல்லலை. ஆனா கோயம்புத்தூர்ல இருந்து போன் வந்துச்சான்னு ரெண்டு தடவை கேட்டார்." இவ்வளவுதான். ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி அழுதார், மன்னித்துவிட்டார் என்றெல்லாம் சொன்னால் அந்தப் பெண் காலம் முழுக்க அதை நம்பி வாழ்வார். அந்த ஐயா சொல்லாததை அவர் வாயில் வைக்க நமக்கு உரிமை இல்லை. அப்பா எந்தக் குரலில் கேட்டார், முகத்தில் என்ன இருந்தது என்று அந்தப் பெண்ணே கேட்டால், நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஓபிக்கு மாற்றல் கேட்டிருக்கிறீர்கள். கிடைத்தால் போங்கள், அது தோல்வியாகாது. எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய விடாத இடத்தில் வேலை பார்க்கிறவருக்கு வரும் இந்த வேதனையைப் பற்றி ஆன்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்க அறவியலாளர் 1984-லேயே எழுதினார், அதுவும் நர்ஸுகளைப் பார்த்துத்தான். உங்களுக்கு மட்டும் வந்த பலவீனம் இல்லை இது. தூக்கமின்மை இன்னும் தொடர்ந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் எனக்கு ஓர் ஆசை. மாறுவதற்கு முன்னால் நோய்த்தணிப்பு நர்ஸிங் பயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள். திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவும் கோழிக்கோட்டில் நோய்த்தணிப்பு மருத்துவக் கழகமும் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வலி மருந்தின் அளவும், இந்த மாதிரிக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வதும் அங்கே பாடமாகவே இருக்கிறது. முடித்துவிட்டு வந்தபின்பும் ஓபிதான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது மாறிக்கொள்ளலாம். மாற்றல் மனுவை ஒரு மாதம் தள்ளி வைக்க முடியுமா என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்.